தங்கபுஷ்பத்தின் பாத்தியில் விழுந்த வால்

மாசி முடிய நான்கு நாள் இருந்தபோது, காலை பதினோரு மணிக்கு, உப்பு வாருகிறவர்கள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில், வால்வெள்ளியின் வால் தனியாகக் கழன்று வந்து தங்கபுஷ்பத்தின் பாத்தியில் விழுந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. நாற்பத்திரண்டு பாத்திகளின் மேல் முக்கால் மைல் நீளத்துக்கு அது விரிந்து படுத்தது. அகன்ற அடிப்பக்கம் தங்கபுஷ்பத்தின் பாத்தியிலும் மெலிந்த நுனி மோட்டார் கொட்டகைக்கு அப்பாலும் கிடந்தன. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டால் வருமே, அந்த நிறம். தொட்டால் கையில் ஒன்றும் தட்டுப்படாது, குளிர்ச்சி மட்டும் மணிக்கட்டு வரை ஏறும்.

அது யாருடைய வால் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்து நாளாக விடியற்காலையில் உப்பளத்துக்கு வரும்போதெல்லாம் கடலுக்கு மேலே அந்த வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள். பக்கத்துப் பாத்தி கிரகோரியம்மாள் அதற்கு வால்காரி என்று பெயரும் வைத்திருந்தாள். ஆகையால் வால் வந்து விழுந்ததும் கங்காணி தவசி கேட்ட முதல் கேள்வி, "யாரு பாத்தியில விழுந்திருக்கு?" என்பதுதான். அந்த அளத்தில் ஒரு முறை உண்டு. எவர் பாத்தியில் எது படிகிறதோ அதற்கு அவரே பொறுப்பு. உப்புப் படிந்தாலும் சரி, புழுதி படிந்தாலும் சரி, பக்கத்துப் பாத்திக்காரர் கை வைக்க மாட்டார்.

"அடிப்பக்கம் ஏம் பாத்தியிலதான் கெடக்கு," என்றாள் தங்கபுஷ்பம்.

"அப்பம் நீதாம்மா பாத்துக்கிடணும்," என்று சொல்லிவிட்டுத் தவசி தன் கஞ்சிக்குத் திரும்பினார்.

எதனால் விழுந்தது என்பதை மோட்டார்க்காரர் சுயம்புலிங்கம் சொன்னார். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற வேலை அவருடையது. மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் அவர் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டோ, வாழைப்பழம் சுற்றி வந்த பழைய பேப்பரைப் படித்துக்கொண்டோ இருப்பார். சூரியனிலிருந்து சில நேரம் ஒரு தீப்புயல் கிளம்பும், வழியில் அகப்படுகிற வால்வெள்ளியின் வாலைப் பிய்த்துப் போட்டுவிடும் என்று அவர் சொன்னபோது ஒருவருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. ஊரில் மற்றவர்களுக்குச் சூரியன் சாமி. இவர்களுக்கு அது முதலாளி. சும்மா போகிற ஒருத்தியின் மேல் முதலாளி காரணமில்லாமல் எரிந்து விழுவதை அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள்.

"பாவம், அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சி," என்று கிரகோரியம்மாள் உச்சுக் கொட்டினாள்.

முதல் மூன்று நாள் அவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள், உப்பளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெயிலில் கிடக்கிற எதுவும் தேறி வரும், கூடி வரும் என்பதுதான் அவர்கள் அறிந்தது. தண்ணீரை வெயிலில் விட்டால் உப்பாகிறதல்லவா? அதனால் வாலையும் நன்றாக வெயில் படும்படி சுருக்கம் எடுத்து நீவி விரித்துவிட்டார்கள். அது காலையில் மேற்கே நீண்டது, சாயங்காலம் கிழக்கே நீண்டது, உச்சி வேளையில் மண்ணுக்குள் இறங்கப் பார்த்தது. சூரியனைச் சுற்றிச் சுற்றிக் கும்பிடுகிறது என்று எல்லாரும் பூரித்துப்போனார்கள். நாலாம் நாள் பார்த்தால் வால் பாதிக்குப் பாதி மெலிந்துபோயிருந்தது.

"கும்பிடல, புஷ்பம்," என்றார் சுயம்புலிங்கம். "அது வெயிலுக்கு ஒதுங்குது. வெயிலு அத ஊதி ஊதித் தள்ளுது."

மூன்று நாள் அதைக் கொடுமைப்படுத்தியிருக்கிறோமே என்று நினைத்ததும் தங்கபுஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றே மழைக்காலத்தில் உப்புக் குவியலை மூடுகிற பனையோலைக் கீற்றுகளை இழுத்து வந்து நாற்பத்திரண்டு பாத்திக்கும் நிழல் கட்டினார்கள். பிறகு, காற்றைப் போலக் கிடக்கிற ஒன்றைப் பறக்காமல் பிடித்து வைப்பது எப்படி என்று யோசித்து, அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலும் சாயங்காலமும் கெட்டியான உப்புத் தண்ணீரை அதன் மேல் கையால் தெளித்தாள். தண்ணீர் காய்ந்து, வாலின் இழை ஒவ்வொன்றிலும் பொடி உப்பு பூத்து, அதற்கு ஒரு கனம் வந்தது. கனம் வந்ததும் அது அடங்கிக் கிடந்தது. அவள் நடந்து வருகிற சத்தம் கேட்டால் லேசாகப் புரண்டு படுக்கும்.

ஒரு வாரத்தில் வாலும் அளத்தின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. அது சாய்கிற திசையை வைத்து மணி பார்த்தார்கள். காய்ச்சலோடு வருகிறவர்கள் அதன் ஓரத்தில் கால் மணி நேரம் படுத்து எழுந்து போனார்கள். வெயிலில் கூசிப்போன கண்களை அதன் நீலத்தில் கொஞ்சம் ஆற்றிக்கொண்டார்கள். ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து, இது உப்பும் இல்லை மீனும் இல்லை, எந்தக் காகிதத்தில் எழுதுவது என்று திகைத்து, தங்கபுஷ்பம் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஒன்றும் எழுதாமலே திரும்பிப் போனார்.

ஓலை இடுக்கில் இறங்குகிற வெயிலுக்கே வாலுக்கு அடியிலும் உப்பு விளைந்தது. கட்டி கட்டியாக இல்லாமல் ஊசி ஊசியாக விளைந்தது. அதற்கு ஒரு குணம் இருந்தது. அந்த உப்பைப் போட்டுக் குழம்பு வைத்தால் ஒரு ஆளுக்கு மட்டும் என்று வைக்கவே முடியாது. எத்தனை அளந்து வைத்தாலும் இன்னொரு ஆளுக்கும் சேர்த்தே வந்து நிற்கும். பிள்ளைகுட்டிக்காரர்கள் இதைக் கவனிக்கவே இல்லை. ஏழு வருஷமாகத் தனியாகச் சாப்பிடுகிற தங்கபுஷ்பம் முதல் நாளே கவனித்துவிட்டாள். மீந்த குழம்பைக் கொட்ட மனமில்லாமல் ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி மோட்டார் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டாள். சுயம்புலிங்கமும் தனி ஆள்தான். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டு, கழுவி, துடைத்து, சாயங்காலம் அவள் பாத்தி வரப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் குழம்பு மீந்தது.

"தெனமும் அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டு நீ மீன்கொழம்பு ஊத்துத, அந்த மனுசனும் சட்டியத் தேச்சித் தேச்சிக் கழுவுதாரு. சட்டி தேஞ்சி ஓட்ட விழுகதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கட்டி," என்று கிரகோரியம்மாள் சீண்டினாள். தங்கபுஷ்பம் குனிந்து உப்பை வாரினாள்.

அவள் ஒரு முடிவுக்கு வர முடியாததற்குக் காரணம் பொன்பாண்டி. அவள் புருஷன். ஏழு வருஷத்துக்கு முன்னால் வெங்காயமும் செங்கலும் ஏற்றிய ஒரு தோணியில் மாலத்தீவுக்குப் போனான். தோணி போய்ச் சேரவில்லை, திரும்பி வரவுமில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. மாமனார் வீட்டில் ஏழாம் வருஷம் காரியம் செய்துவிடலாம் என்றபோது தங்கபுஷ்பம் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய துறைமுகத்துக்குப் போய், வந்து நிற்கிற ஒவ்வொரு தோணியிலும் அதன் தலைவரான தண்டலைப் பார்த்து, வழியில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டு வருவாள். தண்டல்கள் நல்லவர்கள், தெரியவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடாமல், போன வழி, நின்ற தீவு எல்லாவற்றையும் அவளுக்கு விவரமாகச் சொல்வார்கள். செத்துப்போனவனுக்கு அழலாம். எங்கோ இருக்கிறவனுக்காகக் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாத ஒருவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் சுயம்புலிங்கம் கேட்டுவிட்டார். கேட்பதற்குத் தைரியம் வர மோட்டாரை நிறுத்தினார். அங்கேதான் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுகிற மோட்டார் நின்றதும் அளம் முழுக்க அமைதியாகி, அவர் பேசியது நாற்பத்திரண்டு பாத்திக்கும் தெளிவாகக் கேட்டது.

"புஷ்பம், குஜராத்துல ஒரு பெரிய அளத்துல என்னையக் கூப்பிடுதாங்க. சித்திரை ரெண்டாந் தேதி ரயிலு. நீங்களும் வாரியளா? சும்மா இல்ல, கல்யாணம் கட்டிக்கிட்டுப் போவோம்னுதான் கேக்கேன்."

பலகைகள் எல்லாம் நின்றன. தங்கபுஷ்பத்துக்கு முகம் சுட்டது. குனிந்து, ஓலை நிழலில் கிடக்கிற வாலைப் பார்த்தாள்.

"இதத் தேடி அந்த வால்வெள்ளி வருமா அண்ணாச்சி?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இப்பம் வெயிலுக்குள்ள மறஞ்சிருக்கு, சூரியனச் சுத்திட்டுத் திரும்புது. பங்குனிக் கடைசியில சாயங்காலம் மேக்க தெரியுமாம்."

"அதப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவள் மனதில் போட்டிருந்த கணக்கு எல்லாருக்குமே புரிந்தது. வால்வெள்ளி தன் வாலைத் தேடி வந்தால், பிரிந்துபோனது, விட்டுப்போன இடத்துக்கே திரும்பும் என்று அர்த்தம். அப்படியானால் பொன்பாண்டியும் வருவான், அவள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். சுயம்புலிங்கத்துக்கும் அது புரிந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார்.

அதிலிருந்து வாலைப் பார்த்துக்கொள்வது அளத்துக்கே வேலையாகிவிட்டது. தங்கபுஷ்பம் சோர்ந்திருக்கிற நாளில் கிரகோரியம்மாள் தண்ணீர் தெளித்தாள். தவசி சைக்கிளில் மூன்று தடவை ஓரத்தைச் சுற்றி வந்து, ஓலை விலகியிருக்கிறதா என்று பார்த்தார். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனவர்கள் மறுநாளே திரும்பிவிட்டார்கள். வாலைத் திருப்பிக் கொடுக்கிற அன்று அது பார்க்க நன்றாக இருக்க வேண்டும், நம்மிடம் இருந்து இளைத்துப்போனது என்று பேர் வந்துவிடக் கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே ரோஷம். உப்புத் தண்ணீரை மட்டும் அவர்கள் ஒரு வேளைகூடக் குறைக்கவில்லை.

பங்குனி இருபத்தெட்டாம் நாள் சூரியன் இறங்கியதும் பனைமரங்களுக்கு மேலே வால்வெள்ளி தெரிந்தது. எல்லாரும் வரப்புகளில் வரிசையாக நின்றார்கள். ஓலைகளை எடுத்துவிட்டு, அடிப்பக்கம் அதற்கு வாகாக இருக்கட்டும் என்று வாலை மேற்கே திருப்பி வைக்கப் பார்த்தார்கள். வால் கேட்கவில்லை. கிழக்கே கடலைப் பார்த்தே நீண்டது. நல்ல நாளில் அடம்பிடிக்கிறதே என்று கிரகோரியம்மாள் அதை அதட்டிக்கொண்டிருக்கும்போது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் எல்லாரும் ஒன்றாகப் பார்த்தார்கள்.

வால்வெள்ளிக்கு வால் இருந்தது.

பழையதைவிட நீளம். பழையதைவிட அடர்த்தி. பனங்காட்டுக்கு மேலே தொடங்கி, அவர்கள் தலைக்கு மேலாக வந்து, கடல் பக்கம் பாதி வானம் வரை போயிருந்தது. போதாததற்கு அது வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தது. சாமிக்கு முதுகு காட்டாமல் கோயிலைவிட்டு வெளியே வருவோமே, அப்படி சூரியனைப் பார்த்தபடியே நகர்ந்தது. கீழே ஒரு அளத்தில் இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று அது ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

"புதுசு முளைச்சிட்டு," என்றார் தவசி.

"நன்றி கெட்டது! ஒரு மாசமாப் பிள்ளையப் பாக்க மாதிரிப் பாத்தோம்!" கிரகோரியம்மாள் மண்ணை வாரி மேற்கே வீசினாள். சிலர் அழுதார்கள். சிலர் தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வரப்பைப் பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் பாத்திக்குள் இறங்கி, வாலின் அடிப்பக்கத்தில், அது பிய்ந்து வந்த இடத்தில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, பொன்பாண்டி மேல், தோணி மேல், ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் மேல். அப்புறம் கை தானாக வாலை நீவியது. ஒரு மாதமாக நீவிப் பழகிய கை. நீவிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வந்ததும் அவள் சத்தமாக, எல்லாருக்கும் கேட்க, ஏழு வருஷமாக அழாத அழுகையை அழுதாள். கிரகோரியம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அழாதட்டி. போனாப் போவுது."

"அதுக்கில்ல அக்கா. இது யாரு வாலு, எந்த ஊரு வாலுன்னு தெரியாமயே நம்ம எப்படிப் பாத்துக்கிட்டோம்? காய்ச்சக்காரனுக்கு நெழலு கட்டுத மாதிரி கட்டினோம். எங்க வீட்டுக்காரரும் எங்கயாவது ஒரு கரையில ஒதுங்கியிருப்பாருல்லா. அங்கயும் மனுசங்கதான இருப்பாங்க. யாராவது ஒருத்தி மூஞ்சத் தொடச்சி, ஒரு துணியப் போத்தி, ரெண்டு கை மண்ணு போட்டிருப்பா. பேரு தெரியாட்டாலும் போட்டிருப்பா."

கிரகோரியம்மாளின் தகப்பனும் கடலில் போனவர்தான். "போட்டிருப்பாட்டி," என்றாள், "கண்டிப்பாப் போட்டிருப்பா." இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அழுது முடித்ததும் தங்கபுஷ்பம் வாலைத் தூக்கிப் பார்த்தாள். இழைக்கு இழை உப்பு. பறந்துவிடாமல் இருக்கத் தானே ஏற்றிய கனம். இதோடு அது எங்கே போகும்? அவள் வரப்புக்குப் போய், தன் குடிதண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து, கவிழ்த்து, உப்பைக் கழுவத் தொடங்கினாள். அளத்தில் நல்ல தண்ணீருக்கு இருக்கிற அருமை வேறு எங்கும் இருக்காது. வீட்டிலிருந்து மூன்று மைல் தலையில் சுமந்து வருகிற தண்ணீர் அது. முகம் கழுவக்கூட யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஒரு குடம் எட்டு முழத்துக்குக்கூடப் போதவில்லை. அவள் காலிக்குடத்தோடு நிமிர்ந்தபோது கிரகோரியம்மாள் தன் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தாற்போல் தவசி தன் தூக்கைக் கவிழ்த்தார். அடுத்தவர் பாத்தியில் கை வைக்காத அந்த மனிதர்கள் நாற்பத்திரண்டு பாத்திகளிலும் இறங்கி, பிறந்த குழந்தைக்கு ஊற்றுவதுபோலக் கையைக் குவித்து மெதுவாக ஊற்றினார்கள். கடைசியில் மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து சுயம்புலிங்கம் இரண்டு வாளியோடு வந்து நுனிப்பக்கத்தைக் கழுவினார்.

உப்புப் போனதும் வால் ஒரு முழம் எழும்பி நின்றது. நின்று, நாற்பத்திரண்டு பாத்தியிலும் இருந்த அத்தனை பேர் முகத்திலும் குளிர்ச்சியாக ஒரு தடவை பட்டது. பிறகு அளத்தைத் தாண்டி, தாழம்புதரைத் தாண்டி, வேறு எந்த வால்வெள்ளிக்கும் சொந்தமில்லாமல், தன் பாட்டுக்குக் கடலின் மேலே போனது. யாரும் கூப்பிடவில்லை. தங்கபுஷ்பம் மட்டும், "பாத்துப் போ," என்றாள்.

அவள் கொட்டகைக்குப் போனபோது இன்னும் மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சுயம்புலிங்கம் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மடியிலிருந்த பேப்பர் துண்டு ஒன்றைச் சட்டென்று பைக்குள் தள்ளினார். அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். ஏதோ தூர தேசத்தில் எடுத்த வால்வெள்ளியின் படம் போட்ட செய்தி. பாதி வானத்துக்கு வால். தேதி, பங்குனி இரண்டு.

"அப்பம், என்னைய வந்து கேக்கதுக்கு முன்னமே உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பதில் சொல்லியிருப்பேனே. ஏன் சொல்லல?"

சுயம்புலிங்கம் சாக்கின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க காலையில வந்ததும் மொதல்ல அதுகிட்ட போய், கையில தண்ணியத் தொட்டுத் தெளிப்பிய. ஒரு மாசமாப் பாக்கேன். எனக்கு ஒரு பதிலு வேணும்னு அதப் போய்க் கெடுக்க மனசு வரல."

அவள் அந்தப் பேப்பரை மடித்தாள். இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"சித்திரை ரெண்டாந் தேதி எங்க வீட்டுக்காரருக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கணும். எங்க மாமனாருகிட்ட நாளைக்கே போய்ச் சொல்லிருவேன். தனியா என்னால கடல்ல இறங்க முடியாது. நீங்க பக்கத்துல நிக்கணும்."

சுயம்புலிங்கம் சாக்கைக் கீழே வைத்தார்.

"நிக்கேன்," என்றார்.

"உங்க ரயிலு?"

"மறுநாளும் ரயிலு உண்டு. ரெண்டு டிக்கெட்டாவே எடுத்துக்கிடலாம்."